புறங்கை நெய்

என் மனைவியின் தம்பியைக் காதில் பென்சில் இல்லாமல் நான் பார்த்ததில்லை. முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தால்கூட நாவிதர், "அதை எடுத்து மடியில வச்சுக்கங்க தம்பி" என்று இரண்டு முறை சொல்ல வேண்டும். எங்கள் பொடிக்கடை ஆட்கள் அவனைப் பென்சில்காரர் என்றே சொல்வார்கள். எனக்கு அவன் மாப்பிள்ளை, அவனுக்கு நான் மச்சான். பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் தெம்பு எனக்கு இல்லை.

தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் ஐந்தாறு வருஷம் வேலை பார்த்தவன். பெரிய உத்தியோகமில்லை. பாத்திக்குப் பாத்தி முளைக்குச்சி அடித்து நம்பர் எழுதுவான். எந்தப் பாத்தியில் எந்த விதை, எந்த எரு, கண்ட மகசூல் எவ்வளவு என்று குறித்துக் கொடுப்பான். செலவைக் குறைக்கிறோம் என்று ஆட்களைக் கழித்தபோது அவனையும் கழித்தார்கள். புதுக்கோட்டைக்கு ரயிலேறி அக்காள் வீட்டுக்கு வந்தான். வேலை போனாலும் அந்தப் புத்தி போகவில்லை.

"ஒரு தடவைங்கிறது ஒண்ணுமில்ல மச்சான்" என்பான். மூன்று தடவை பார்க்காமல் எதையும் 'ஆமாம்' என்று சொல்ல மாட்டான். ரசம் நன்றாக இருக்கிறதா என்று அக்காள் கேட்டால், "நேத்தும் இன்னைக்கும் நல்லாருந்துச்சு. நாளைக்கும் பாப்போம்" என்பான். அவள் கரண்டியை ஓங்கிக்கொண்டு வருவாள். காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார்கள் என்று பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் சொல்லிவிட்டாள். மாசம் பூராவும் கொல்லைக் கதவில் கரியால் கோடு போட்டான். கரைந்த நாளுக்கு ஒரு பக்கம், விருந்தாளி வந்த நாளுக்கு ஒரு பக்கம். கடைசியில் அத்தையைக் கூட்டிவந்து கதவைக் காட்டினான். "ரெண்டுக்கும் சம்பந்தமில்லீங்க அத்தை. ஆனா ஒரு மாசந்தான் பாத்திருக்கேன், இன்னும் ரெண்டு மாசம் பாக்கணும்." அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவள், அப்புறம் மோர் கடன் கேட்கக்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

கீரனூரில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் வந்து கும்பிட்டு உள்ளே போனாள். பிடித்திருக்கிறதா என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். இவன் சாவகாசமாக, "இன்னும் ரெண்டு தடவை வந்து பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றான். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான் பதில். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனைக் கிழிகிழி என்று கிழித்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேதான் நிற்கும்.

"நான் பொய் சொல்லலையே மச்சான்" என்றான், வெளியே பார்த்துக்கொண்டே.

கிறுக்கன் என்று நினைத்தேன். அந்தக் கிறுக்கை நம்பித்தான் எங்கள் கடை பிழைக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கீழ ராஜ வீதியில் எங்கள் மூக்குப்பொடிக் கடை. பின்கட்டிலேயே பொடி தயாராகும். புகையிலையை வறுத்து இடித்து, சுண்ணாம்புத் தெளிவும் நெய்யும் விட்டுச் சட்டியில் தேய்த்து, காய்ந்த வாழைமட்டையில் மடித்துக் கட்டுவோம். அந்தக் கட்டுக்குப் பெயர் மட்டை. கந்தர்வக்கோட்டையிலிருந்து கீரனூர்வரை எங்கள் மட்டை இல்லாத பெட்டிக்கடை கிடையாது. பதினோரு குடும்பம் அந்தச் சட்டியை நம்பிச் சோறு தின்றது.

பொடிக்கு உயிர் நெய். செவ்வாய்க்கிழமைதோறும் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் நெய்ப் பானையோடு வருவார்கள். ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் சூடு பறக்கத் தேய்த்து முகர்வேன். பழைய நெய் என்றால் அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் ஐயா எனக்கு விட்டுப்போன சொத்து அந்த மூக்குத்தான் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கும் அதில் கர்வம்தான்.

அந்த வருஷம் தை மாசம் விஷஜுரத்தில் கிடந்து பிழைத்தேன். எழுந்து கடைக்கு வந்த ஒரு மாசத்தில் சரிவு தொடங்கியது. கட்டுக்கட்டாய் மட்டை திரும்பி வந்தது. சித்திரையில் பாதிக் கடைகள் கைவிட்டன. வைகாசியில் சட்டியை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டோம். ஆட்கள் வாசலில் குந்தி என் முகத்தையே பார்ப்பார்கள். நான் கணக்குப்பிள்ளையின் மேஜையைத் தாண்டி உள்ளே ஓடிவிடுவேன். எங்கே ஓட்டை என்று தெரிந்தால் அடைக்கலாம். தெரியவில்லையே!

கடை கடையாகப் போய்க் கேட்டேன். "பொடியில கோளாறா?"

"அய்ய, நல்லாத்தேன் இருக்குங்க. இப்ப யாவாரமே மந்தம்ங்க" என்றார்கள், எல்லோரும் ஒரே மாதிரி.

நானே பொடி போட்டுப் பார்த்தேன். உச்சிவரை காரம் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது, இடி போலத் தும்மல் வந்தது. பொடியில் ஒரு குறையும் இல்லை. சட்டியைச் சுற்றி நின்ற ஆட்களிடம் நீட்டினேன். "எப்படிப்பா?" அவர்களும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, "நல்லாருக்குங்க முதலாளி" என்றார்கள்.

மாப்பிள்ளை மட்டும் பென்சிலை எடுத்தான். "நீங்க கேட்டா நல்லாருக்குன்னுதான் மச்சான் சொல்லுவாக. மூஞ்சிக்கு நேரா எவன் சொல்லுவான்? கேக்கக் கூடாது. பாக்கணும்."

திருக்கோகர்ணத்தில் ஒரு வெற்றிலை பாக்குக் கடையில் மூன்று நாள் போய்ச் சும்மா உட்கார்ந்தான். யார் எங்கள் மட்டையை வாங்குகிறார்கள், வாங்கி என்ன செய்கிறார்கள் என்று குறித்தான். மூன்றாம் நாள் வந்து நோட்டைக் காட்டினான்.

"மட்டையைப் பிரிக்கிறாக. மூக்குக்கிட்டக் கொண்டு போறாக. போடாமலே திருப்பிக் குடுத்துடுறாக. போட்டுப் பாத்துட்டுக் குடுத்தவக ஒருத்தர்கூட இல்ல. அப்ப காரத்துல கொறை இல்ல மச்சான். வாடைலதான் கொறை."

அதற்கப்புறம் பின்கட்டே நெல் பண்ணை ஆகிவிட்டது. நாலு சட்டி வைத்தான். ஒன்றில் வழக்கமான பொடி. இரண்டாவதில் புகையிலையை மட்டும் மாற்றினான். மூன்றாவதில் சுண்ணாம்பை மட்டும். நாலாவதில் நெய்யை மட்டும் மாற்றி, அக்காள் வீட்டில் வெண்ணெய் காய்ச்சி எடுத்த நெய்யை ஊற்றினான். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்துனா எதுனால வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

சட்டிகளைத் துணியால் மூடி உள்ளறையில் வைத்தான். எது எந்தச் சட்டி என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சட்டிக்கும் முன்னால் ஒரு கொட்டாங்கச்சி. ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். முகர்ந்து பார்த்து, பிடிக்காத சட்டியின் கொட்டாங்கச்சியில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். கூட யாரும் போகக் கூடாது, என்னை வாசற்பக்கமே அண்டவிடவில்லை. "நீங்க நின்னீகன்னா ஒங்க மொகத்தைப் பாத்துத்தான் கொட்டையப் போடுவாக."

மூன்று காலை இப்படி நடந்தது. மூன்று நாளும் ஒன்று, இரண்டு, மூன்றாம் சட்டிகளின் முன்னால் புளியங்கொட்டை குவிந்தது. நாலாவது கொட்டாங்கச்சி காலி.

நெய்!

அப்படியென்றால் இந்தப் பதினோரு பேருக்கும் தெரியும். நாற்றம் அடிக்கிற பொடியை முகர்ந்துவிட்டு என் முன்னால் நல்லாருக்கு என்றிருக்கிறார்கள். அந்த ஆத்திரத்தில்தான் நான் கோணல் வழியில் புகுந்தேன். நெய்யை வாங்குவது நான். புறங்கையில் தேய்த்து முகர்ந்துதான் வாங்குகிறேன். வாங்கும்போது நல்ல நெய், சட்டிக்குப் போகும்போது கெட்ட நெய். நடுவில் நெய்ப் பானை யார் கையில்?

கருப்பையா கையில்.

கருப்பையா திருக்கோகர்ணத்து ஆள். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவன். நெய் அறைச் சாவி அவனிடம்தான். பொடி தேய்ப்பதிலும் அவன் கைக்கு ஈடில்லை. நல்ல நெய்யை வெளியே தள்ளிவிட்டு எண்ணெய் கலந்த சரக்கை ஊற்றுகிறான் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் பட்டது.

"நெய்யினு தெரியுது. யாருன்னு தெரியல மச்சான்" என்றான் மாப்பிள்ளை.

"இதுக்கும் மூணு தடவை பாக்கணுமோ? ஒன் முளைக்குச்சியைத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போ!"

திங்கட்கிழமை காலையில் எல்லோர் முன்னிலையிலும் கருப்பையாவைக் கேட்டேன். அவனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"நானாங்க முதலாளி? நெய்ய நானாங்க...?"

"சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவியா?"

"வாங்க" என்றான்.

ஐயனார் கோயிலில் சூடம் ஏற்றினார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "ஒரு சொட்டு நெய் நான் எடுத்திருந்தா என் குடி வெளங்காது" என்றான். அவன் மனைவி வள்ளியம்மை பக்கத்தில் நின்று விம்மிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சூடம் அடித்தவனை நம்பியாக வேண்டும், அதுதான் வழக்கம். நான் நம்பவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அவனை வேலையை விட்டு நிறுத்தினேன். அன்றைக்குக் கோயிலில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நெய்க்காரப் பெண்கள் வந்தார்கள். வழக்கம்போல் தேய்த்து முகர்ந்து, "ம், ஊத்து" என்றேன். மாப்பிள்ளை அந்தப் பானையிலிருந்து ஒரு கிண்ணம் நெய்யை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் கவனிக்கவில்லை.

இதற்குப் பின் இரண்டு வாரம் அவன் என்னிடம் அதிகம் பேசவில்லை. கடை தேறவில்லை. கருப்பையாவை நிறுத்தியும் மட்டைகள் திரும்பி வந்துகொண்டேதான் இருந்தன. நான் பித்துப்பிடித்தவனாகச் சட்டிகளைச் சுற்றி வந்தேன். மற்றவர்களும் களவுக்கு உடந்தையோ என்றுகூட நினைத்தேன். வேறு நாலு பேரையும் நிறுத்திவிட மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் மாப்பிள்ளை என்னை வீட்டுக்கு அழைத்தான். கூடத்தில் மூன்று கிண்ணம் வைத்திருந்தான். என் மனைவி தூணோரம் நின்றாள், கண் சிவந்திருந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாருங்க மச்சான். எது நல்ல நெய்யி?"

சிரிப்பு வந்தது எனக்கு. என்னைப் போய்ச் சோதிக்கிறானே! முகர்ந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். ஏதோ ஒன்றைக் காட்டினேன்.

"அது நெய்யில்ல. மண்ணெண்ணெய்" என்றான்.

கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தேன். மண்ணெண்ணெய்தான்.

மாப்பிள்ளை நோட்டைப் பிரித்து, நின்றபடி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை நெய்க்காரியின் பானையிலேயே நெய் சிக்கு நாற்றம் அடித்தது. அக்காள் முகர்ந்து பார்த்துச் சொன்னாள். கருப்பையா கைக்குப் போகாத நெய் அது. வெள்ளிக்கிழமை என் தோள் துண்டில் மண்ணெண்ணெயைத் தடவி வைத்தான். பொழுது சாய்கிறவரை அதையே போட்டுக்கொண்டு திரிந்தேன். அடுத்த வாரமும் நெய் அப்படியே. அடுத்த வெள்ளிக்கிழமை என் தலையணைக்கடியில் பெருங்காயத்தை வைத்தான். இன்றைக்கு மூன்றாவது.

"தராசு கெட்டிருந்தா எந்த நெல்லு நெறுத்தும் பிரயோசனமில்ல மச்சான். ஒங்க மூக்கு போயிருச்சு. காரம் மட்டுந்தான் தெரியுது. அதுனால ஒங்களுக்கே தெரியல."

விஷஜுரம் கொண்டுபோயிருக்கிறது. வருஷக்கணக்கில் போட்ட பொடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொண்டுபோயிருக்கும். ஏதோ ஒரு நெய்க்காரி தெரியாமல் பழைய நெய்யைக் கொண்டுவந்திருப்பாள், நான் 'பேஷ்' என்று வாங்கியிருப்பேன். அப்புறம் கந்தர்வக்கோட்டை வரைக்கும் பேச்சுப் போயிருக்கும், கெட்டுப்போன நெய்யா, கீழ ராஜ வீதிக்குக் கொண்டு போ என்று.

"ஒனக்குமா தெரியல?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பிடிச்ச சோத்தைப் போட்டாலும் ஒரு சொல்லு சொல்லாம சாப்பிட்டீங்க. காச்சலுக்குப் பெறகு சாமி ஒங்களுக்கு நல்ல கொணத்தைக் குடுத்திருக்காருன்னுல்ல நெனச்சேன். பிள்ளையாருக்குத் தேங்காகூட ஒடைச்சேனே..."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்போதுதான் கருப்பையாவின் ஞாபகம் வந்தது. எழுந்து ஓடினேன். வேட்டி தடுக்கியது. மாப்பிள்ளை பின்னால் வந்து கையைப் பிடித்தான்.

"இல்ல மச்சான். போயிட்டாரு."

"எங்கே?"

"ரங்கூனுக்கு. மொத வாரம் ஞாயித்துக்கெழமையே ரயிலேறிட்டாரு. அங்க அவுக மச்சான் ஒரு அரிசி மில்லுல இருக்காராம்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சனிக்கெழமை என்கிட்டச் சொல்லிட்டுப் போக வந்தாரு." அவன் குரல் இறங்கியது. "கொல்லைச் சந்துல வந்து நின்னாரு. 'நீங்க ஒருத்தருதான் என்னையக் கள்ளன்னு சொல்லல. நாளைக்கு ரயிலுக்கு வாரேன்னு எழுதிப் போட்டுட்டேன், போறேன்'னாரு. ஒரு பத்து நாள் பொறுங்கன்னேன். எதுக்குங்கன்னு கேட்டாரு. சொல்ல முடியாதுன்னேன். 'பத்து நாளு என்னத்தையிங்க திங்கிறது'ன்னுட்டுப் போயிட்டாரு."

"சனிக்கெழமை ஒனக்குத் தெரியுமா?"

"நெய்யும் ஒரு தடவை, துண்டும் ஒரு தடவை பாத்திருந்தேன். ஒங்களுக்கு வெறும் சளியா இருந்தா? நான் தப்பாச் சொல்லி, அக்கா வாழ்க்கைல... ஒரு தடவைதானே மச்சான்..."

நான் அவனை அறைந்தேன். வாசலில் நின்று, நாலு பேர் பார்க்க, அக்காள் புருஷன் மச்சினனை அறைந்தேன். பென்சில் எகிறித் தெருவில் விழுந்தது. அவன் கன்னத்தைக்கூடத் தொடவில்லை. அறைந்த பிறகுதான் யாரை அறைந்திருக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது. சூடம் அடித்தவனை நம்பாதவன் நான். இவன் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

திருக்கோகர்ணத்துக்கு இரண்டு பேரும் போனோம். வள்ளியம்மையிடம் உள்ளதைச் சொன்னேன், காலில் விழாத குறை. அவள், "அவுக போறப்ப அழுதுக்கிட்டே போனாகங்க" என்றாள். அன்றே ரங்கூனுக்குக் கடிதம் எழுதினோம். தப்பு என் பேரில்தான், திரும்பி வா, சாவி உனக்குத்தான் என்று எழுதினேன். மூன்று மாசம் கழித்துப் பதில் வந்தது, எனக்கல்ல, அவளுக்கு. கையில் கொஞ்சம் சேர்ந்ததும் தை பிறந்து வருகிறேன் என்று எழுதச் சொல்லியிருந்தான். முதலாளி மேல் வருத்தமில்லை என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படிக்காமலே இருந்திருக்கலாம்.

கடை எழுந்தது. செவ்வாய்க்கிழமைகளில் என் மனைவி பின்கட்டுக்கு வந்து, மறைவில் உட்கார்ந்து நெய்யைப் புறங்கையில் தேய்த்து முகர்வாள். நான் முன்னால் நின்று அவள் தலையசைப்பைப் பார்த்து 'ஊத்து' என்பேன். ஆறு மாசத்தில் பழைய கடைகள் எல்லாம் திரும்பின. இன்றைக்கும் எங்கள் பொடிக்கு மூக்கு அவள்தான்.

தை பிறப்பதற்கு முன்னால் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது.

கப்பல் இல்லை, கடிதம் இல்லை. பிறகு நடந்தே தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் சமஸ்தானத்துக் கிராமங்களில் வந்து விழுந்தார்கள், கால் வீங்கி, அடையாளம் தெரியாமல். நானும் கூடப் போக, மாப்பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வந்தவர்கள் ஒருவரைக்கூட விடவில்லை. நீங்கள் இருந்த மில் எது, கிளம்பிய நாள் எது, கூட வந்தவர்கள் யார், கருப்பையா என்று திருக்கோகர்ணத்து ஆள் ஒருவர், உள்ளங்கையில் சூட்டுத் தழும்பு இருக்கும், பார்த்தீர்களா? கேட்டுக் கேட்டு எழுதினான். அந்தத் தழும்பை அவன் அடையாளமாகச் சொன்னபோதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கீரனூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் பார்த்திருந்தான். மலைப்பாதையில் ஒரு ஓடைக்கரையில் பேதியாகிக் கிடந்தான், விட்டுவிட்டு வந்தோம் என்றான். கந்தர்வக்கோட்டையில் இன்னொருவன். அதே ஓடை, அதே பேதி. மாப்பிள்ளை மூன்றாவது ஆளைத் தேடினான். கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் தேடினான், அது எனக்குத் தெரியும். இரண்டு மாசம் கழித்து மூன்றாவது ஆளும் வந்தான். உயிர் போகிறபோது பக்கத்தில் இருந்ததாகச் சொன்னான். மேலே இலைதழையைப் போட்டு மூடினதையும் சொன்னான்.

மறுநாள் வள்ளியம்மை வந்தாள். யாரோ திரும்பி வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தாள். என்னைக் கேட்கவில்லை. நேராக மாப்பிள்ளையிடம் போய் நின்றாள்.

"சொல்லுங்க. அவுக இருக்காகளா?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நோட்டு அவன் மடியில் இருந்தது.

"இருக்காருங்க" என்றான். "வந்துருவாரு. நாளாகும்."

"நெசமாங்களா?"

"நெசந்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். வெகு நாளைக்குப் பின் அன்றுதான் நிமிர்ந்து நடந்தாள். அவள் தலை மறைந்ததும் நான் அவனை உலுக்கினேன். "என்ன காரியம் பண்ணிட்டே மாப்ளே?"

"சனிக்கெழமை சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டேன் மச்சான்" என்றான். "இதைச் சொல்ல எனக்கு வாய் வரல." குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான். நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ முறை திருக்கோகர்ணம்வரை போய், அவள் தெருமுனையிலிருந்து திரும்பியிருக்கிறேன்.

சண்டை முடிந்த வருஷம் மாப்பிள்ளைக்கு மஞ்சள்காமாலை கண்டது. நாட்டு மருந்து, ஆஸ்பத்திரி மருந்து எல்லாம் பார்த்தோம். நாற்பது வயசுகூட ஆகாமல் போய்விட்டான். கலியாணம் ஆகவில்லை. கொள்ளி நான்தான் வைத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வள்ளியம்மை வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி, தலையில் பூ. என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் என் பக்கம் வந்து ஒதுங்கி நின்றாள்.

"ஊருல என்னென்னமோ சொல்றாகங்க. தாலியக் கழட்டுங்கிறாக. எங்க வீட்டாளுகளே சொல்றாக. நான் கேக்கல" என்றாள். "இந்த மனுசரு வந்துருவாருன்னு சொல்லியிருக்காரு. ஒண்ணுக்கு மூணு தடவை பாக்காம ஒரு வார்த்தை பேசியிருக்காராங்க அவரு?"

என் பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல ஆத்தா" என்றேன். "பேசினதில்ல."